இல்லங்களில் இணைய வேகம்: ஒப்பிடும் முறையும் கொல்கத்தா தரும் பாடமும்

இந்தியத் தகவல் தொடர்பு வரலாற்றில் கொல்கத்தா நகருக்குச் சிறப்பான இடமுண்டு. நாட்டின் முதல் மின்தந்திக் கம்பி 1850-51ஆம் ஆண்டுகளில் இந்நகருக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே அமைக்கப்பட்டது. 1882 ஜனவரியில் இங்குத் தொலைபேசி நிலையம் தொடங்கப்பட்டது. 1995 ஜூலை 31 அன்று முதலமைச்சர் ஜோதி பாசு, புது டில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் இந்நகரிலிருந்து பேசியதே நாட்டின் முதல் செல்பேசி உரையாடலாகும். அவ்வாண்டு ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியபோது, அதனைப் பெற்ற நகரங்களுள் கொல்கத்தாவும் ஒன்று.

இன்று ஒரே தெருவில் பல நிறுவனங்கள் இணைய இணைப்பு வழங்க முன்வருகின்றன. இவற்றுள் எது சிறந்தது, எந்தப் பகுதி முன்னேறியுள்ளது என்பதை அறிய, ஒப்பிடும் முறை சரியாக இருத்தல் வேண்டும்.

வேகத்தின் அளவு

2004ஆம் ஆண்டுக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வேகமேனும் உடைய இணைப்பையே அகலப்பட்டை, அதாவது பிராட்பேண்ட், என வரையறுத்தது. இவ்வரம்பு 2013இல் 512 கிலோபிட்டாகவும், 2023இல் 2 மெகாபிட்டாகவும் உயர்த்தப்பட்டது. நிறுவனங்கள் வேகத்தைப் பிட் கணக்கில் கூறுகின்றன. கோப்புகளின் அளவோ பைட் கணக்கில் உள்ளது. எட்டுப் பிட்கள் கொண்டது ஒரு பைட். ஆகவே நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில், 1,000 மெகாபைட் கோப்பு வந்து சேர 80 நொடிகளேனும் ஆகும்.

ஒரே நகரில் வேறுபாடுகள்

கொல்கத்தாவில் பி.எஸ்.என்.எல்., ஏர்டெல், ஜியோ போன்ற நாடளாவிய நிறுவனங்களுடன், இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அலையன்ஸ், மேக்பேலா, விஷ்நெட் ஆகியனவும் சேவை புரிகின்றன. பல வீடுகளுக்கு அப்பகுதியின் கேபிள் இயக்குநர் வழியாகவே இணைப்பு வருகிறது. எனவே ஒரே நிறுவனத்தின் சேவைகூட ஒரு குடியிருப்பில் நன்றாகவும், அடுத்த குடியிருப்பில் குறைவாகவும் இருக்கக்கூடும்.

இதற்குரிய காரணங்கள் மூன்று. முதலாவது, ஒரு வழியை எத்தனை வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன என்பது. இரவு வேளையில் அனைவரும் ஒருங்கே பயன்படுத்தும்போது வேகம் தாழ்கிறது. இரண்டாவது, ஒளியிழை வீடுவரை வருகிறதா, தெருவோடு நின்றுவிடுகிறதா என்பது. மூன்றாவது, தகவல் செல்லும் தொலைவு. நம் நாட்டைத் தொடும் கடலடிக் கேபிள்களுள் பெரும்பாலானவை மும்பையிலும் சென்னையிலும் கரையேறுகின்றன. ஆதலால் கொல்கத்தாவிலிருந்து வெளிநாட்டுக் கணினியை நாடும் தகவல், பெரும்பாலும் நிலத்தின் மீதே நெடுந்தொலைவு கடக்க வேண்டியுள்ளது. நகருக்குள்ளேயே உள்ள கணினியைக் கொண்டு சோதிக்கும்போது கிடைக்கும் உயர்ந்த அளவு, எல்லாப் பயன்பாட்டுக்கும் பொருந்தாது.

சராசரி மறைப்பவை

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஐந்து வீடுகளின் வேகம் முறையே 20, 30, 40, 50, 360 மெகாபிட் எனக் கொள்வோம். சராசரி 100; ஆயினும் நான்கு வீடுகள் அதில் பாதிக்கு மேல் பெறவில்லை. நடுவில் நிற்கும் இடைநிலை அளவாகிய 40 என்பதே உண்மை நிலைக்கு நெருக்கமானது.

மற்றொரு குறையும் உண்டு. இணைப்பு உள்ளவரே வேகத்தைச் சோதிக்க இயலும். கம்பியே வந்து சேராத சிற்றூரின் மாணவர் எந்தச் சராசரியிலும் இடம்பெறுவதில்லை. தொலைத்தொடர்பு உரிமப் பகிர்வில் கொல்கத்தா தனிப் பகுதியாகவும், மாநிலத்தின் எஞ்சிய இடங்கள் மேற்கு வங்காளப் பகுதியாகவும் பிரிக்கப்பட்டுள்ளன. இவ்விரண்டின் விவரங்களையும் தனித்தனியே நோக்காது மாநிலம் முழுமைக்கும் ஒரே எண்ணைக் கூறினால், நகரின் வளம் சிற்றூர்களின் வறுமையை மறைத்துவிடும். கிராம ஊராட்சிகளை ஒளியிழையால் இணைக்க 2011இல் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் மாற்றப்பட்ட திட்டத்தின் தேவையை இவ்வேறுபாடே உணர்த்துகிறது.

செய்ய வேண்டியவை

ஒப்பிடுவோர் ஒரே கட்டண நிலையிலுள்ள திட்டங்களையே எடுத்துக்கொள்ளல் வேண்டும். கணினியைக் கம்பி வழியே இணைத்து, காலை, மாலை, இரவு என ஒரு வாரம் அளத்தல் நலம். தகவல் பெறும் வேகத்துடன் அனுப்பும் வேகம், மறுமொழிக்கு ஆகும் நேரம், இணைப்பு அறுந்த தடவைகள், வரி உட்பட்ட கட்டணம், ஒதுக்கீட்டு அளவு முடிந்தபின் கிடைக்கும் வேகம் ஆகியவற்றையும் குறித்தல் வேண்டும்.

1997இல் நிறுவப்பட்ட இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் சேவைத் தரத்துக்கு விதிகளை வகுத்துள்ளது. அவ்விதிகளின் பயன் மக்களைச் சென்றடைய, அலுவலர்கள் விளம்பரத்தில் காணும் உச்ச வேகத்தை விடுத்து, இரவு எட்டு மணிக்கு இல்லத்தில் கிடைக்கும் வேகத்தையும், இணைப்பே பெறாத இல்லங்களின் எண்ணிக்கையையும் ஒருங்கே கணக்கில் கொள்வது இன்றியமையாததாகும்.