தொல்லை தரும் மரங்கள்: வெட்டுவதா, வைத்துக்கொள்வதா?

1950-ஆம் ஆண்டு மத்திய உணவு அமைச்சர் கே. எம். முன்ஷி அவர்கள் வன மகோத்சவத்தைத் தொடங்கிவைத்த நாள்தொட்டு, மரம் நடுக என்னும் அறிவுரை ஊர்தோறும் ஒலித்து வருகிறது. நட்ட மரம் பெரிதான பின் விளையும் தொல்லைகளைப் பற்றிப் பேசுவோர் சிலரே. சருகு குவிகிறது, பழம் விழுந்து முற்றம் கறைபடுகிறது, கம்பளிப்பூச்சி வீட்டிற்குள் நுழைகிறது, வேர் சுவரைப் பிளக்கிறது என்று முறையிடுவோர் முடிவில் கோடரியை நாடுகின்றனர். இத்தகைய முறையீடுகள் ஊராட்சி மன்றத்திற்கும் வருவதுண்டு. எம்மரத்தைக் காப்பது, எதனை அகற்றுவது என்பதை இங்கு ஆராய்வோம்.

சென்னைக்கு வடக்கே, மணலியை அடுத்துள்ள மாத்தூரை எடுத்துக்கொள்வோம். 2011-இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்படும் வரை இது தனி ஊராட்சியாக இருந்தது. மணலியில் 1960-களின் பிற்பகுதி முதல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் பிற தொழிற்சாலைகளும் எழுந்தன; மாத்தூரில் குடியிருப்பு மனைகள் பெருகின. வயலோரத்தில் எவருக்கும் இடர் செய்யாத மரம், சிறு மனையில் சுவருக்கும் மின்கம்பிக்கும் இடையே நிற்கும்போது தொல்லையாகிறது. ஆயினும், ஆலைப் புகையும் லாரிப் புழுதியும் மிகுந்த வட்டாரத்தில் வளர்ந்த மரமொன்றை இழந்தால், அதன் நிழலை மீண்டும் பெறப் பல ஆண்டுகள் ஆகும். வயல்கள் மனைகளாக மாறிவரும் ஊராட்சிகள் அனைத்தும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சருகும் பழமும்

வேம்பு, புங்கு, நாவல், நாட்டு வாதுமை ஆகியவை உதிர்க்கும் சருகையும் பழத்தையும் குப்பையெனக் கருதுவது தவறு. தோட்டத்தின் மூலையில் மூன்றடி ஆழக் குழி வெட்டிச் சருகை அரையடிக்கு ஓர் அடுக்காகப் பரப்பி, சாணக் கரைசல் தெளித்து, ஈரம் காயாமல் காத்து, அவ்வப்போது கிளறிவிட்டால் சில மாதங்களில் நல்ல எருவாகும். சருகைக் கொளுத்துவோர் தம் நிலத்தின் உரத்தையே கொளுத்துகின்றனர். அப்புகையால் அண்டை வீட்டாரும் துன்புறுகின்றனர்.

முருங்கையும் கம்பளிப்பூச்சியும்

மழைக்காலத்தில் முருங்கையில் கம்பளிப்பூச்சிகள் பெருகும். பகலில் அவை அடிமரத்தில் கூட்டமாக ஒட்டியிருக்கும். அப்போதே தீப்பந்தம் காட்டியோ, துடைப்பத்தால் தள்ளிச் சோப்புநீரில் இட்டோ அழித்துவிடலாம். பந்தம் பிடிப்போர் கூரையும் வைக்கோற்போரும் அருகில் இல்லாமையை உறுதிசெய்துகொள்ள வேண்டும். பூச்சியின் மயிர் உடலிற்பட்டால் அரிப்பு உண்டாகுமாதலால், வெறுங்கையால் தொடலாகாது. முருங்கைக் கிளை எளிதில் முறியும். அதன்மேல் ஏறுவது ஆபத்து. செடிமுருங்கையாயின் காய்ப்பு ஓய்ந்தபின் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டிவிட்டால் மீண்டும் தழைத்துக் காய்க்கும்.

இடம் தவறிய மரங்கள்

அரசும் ஆலும் பறவைகளின் எச்சத்தால் சுவரிலும் கிணற்றுக் கட்டிலும் முளைக்கின்றன. விரலளவு இருக்கும்போதே வேருடன் பிடுங்குதல் வேண்டும். தண்டை மட்டும் நறுக்கினால் மீண்டும் துளிர்த்துக் கட்டடத்தைப் பிளக்கும். தூங்குமூஞ்சி போன்ற பெருமரங்கள் ஏரிக்கரைச் சாலைக்கு ஏற்றவை, வீட்டு மனைக்கு ஏற்றவையல்ல.

2016 டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னையருகே கரை கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் வீழ்ந்தன. தலைகனத்தும், சிமெண்டுத் தளத்தினிடையே வேர் பரவ இடமின்றியும் நிற்கும் மரம் காற்றில் எளிதில் சாயும். ஆகவே வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே காய்ந்த கிளைகளைக் கழித்து, அடிமரத்தைச் சுற்றி மண் தெரிய விடுதல் நலம். மின்கம்பியைத் தொடும் கிளையை நாமே வெட்ட முற்படாமல் மின்வாரியத்தாருக்கு அறிவிக்க வேண்டும்.

ஊருக்கே ஆகாதவை

வெளிநாட்டிலிருந்து வந்த சீமைக் கருவேல், ஏரி, குளம், தரிசு ஆகியவற்றை வளைத்துக்கொண்டு பிற செடிகளை வளரவிடுவதில்லை. வெட்டிய கட்டையிலிருந்து துளிர்க்குமாதலால் வேரோடு பெயர்த்தெடுத்து, அவ்விடத்தில் உடனே நாட்டு மரங்களை நடவேண்டும். ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றத் தமிழ்நாடு அரசு 2022-இல் ஒரு கொள்கையை வெளியிட்டது. அழகுக்காக நடப்பட்டு வந்த கோனோகார்பஸ் மரத்தையும், அதன் மகரந்தத்தாலும் வேராலும் தீங்கு விளையும் எனக் கருதி, 2025-இல் தடைசெய்தது.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு

ஒரு மரத்தைப் பற்றி முறையீடு வந்தால் நேரிற் சென்று மூன்று வினாக்களைக் கேளுங்கள். அம்மரத்தால் உயிருக்கோ கட்டடத்திற்கோ ஆபத்து உண்டா? கிளை கழித்தால் தொல்லை தீருமா? உதிர்வதை எருவாக்க வழியுண்டா? முதல் வினாவிற்கு ஆம் என்றும், ஏனைய இரண்டிற்கும் இல்லை என்றும் விடை வந்தாலன்றி வெட்டுதல் கூடாது. பொது இடத்து மரமாயின் உரிய அனுமதி பெறாமல் கோடரியை எடுக்கலாகாது. அகற்றியே தீரவேண்டின், முன்னதாகவே தக்க இடத்தில் கன்றுகளை நட்டு வேலியிட்டு வளர்த்து வருவோமாக.

நடும்போதே இடமறிந்து நட்டால் பிற்காலத்துத் தொல்லைகளிற் பெரும்பகுதி தோன்றாது. வீட்டுச் சுவரருகே கறிவேப்பிலை, மாதுளை, எலுமிச்சை. திறந்த வெளியில் வேம்பு, புங்கு. ஏரிக்கரையில் பனை, நாவல் என முறைப்படுத்திக்கொள்ளும் ஊரில் மரத்தின் பொருட்டு அண்டை வீட்டார் பகைகொள்ளும் நிலை அரிதாகும்.