ஏரோபிக் பயிற்சியும் நகரத்து நடைபாதையும்

வேகநடை, ஓட்டம், நீச்சல் முதலிய ஏரோபிக் பயிற்சிகள் இதயத்தை வலுப்படுத்துகின்றன. இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் கட்டுப்படுத்த உதவுகின்றன. வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான பயிற்சி செய்தல் நலம் என உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது.

குறைகளும் உள. பழக்கமின்றித் திடீரென ஓடுவோருக்கு மூட்டு, தசைக் காயங்கள் நேரலாம். இதய நோயாளிகள் மருத்துவ ஆலோசனையின்றிக் கடும் பயிற்சியில் இறங்குதல் ஆபத்தானது. நெரிசல் மிக்க சாலையோரத்தில் மூச்சு மிகும்போது வாகனப் புகையும் மிகுதியாக உட்செல்லும்.

கொச்சியில் 66-ஆம் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய வைட்டிலா இதற்குச் சான்று. அங்கு 2011-இல் போக்குவரத்து மையமும், 2019-இல் மெட்ரோவும், 2023-இல் நீர் மெட்ரோவும் வந்தன. இந்நிலையங்களுக்கு நிழலுள்ள அகன்ற நடைபாதைகள் இருப்பின், அன்றாடப் பயணமே செலவற்ற பயிற்சியாகும். எனவே நடைபாதைக்கு ஒதுக்கும் நிதி சுகாதார முதலீடேயாகும்.