சிப் ஆராய்ச்சிக்குப் புறப்படும் மலைப் பிள்ளைகளுக்கு

ஜவ்வாது மலையிலிருந்து எஞ்சினியரிங் முடித்து இறங்கும் பிள்ளைகளில் சிலருக்கு, பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பான புரொசசர் வடிவமைக்கும் ஆராய்ச்சி வேலைக்கு விண்ணப்பிக்க ஆசை இருக்கிறது. நமக்கெல்லாம் ஒத்துவருமா என்ற தயக்கமும் இருக்கிறது. ஒத்துவரும். போகுமுன் இவற்றைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

1. விடை சரியாக வந்ததே என்று நிம்மதி அடையாதீர்கள். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற இரண்டு ஓட்டைகள் வெளியே வந்தன. அவற்றில் சிக்கிய சிப்கள் எந்தக் கணக்கையும் தப்பாகப் போடவில்லை. அடுத்து என்ன வேலை வரும் என்று ஊகித்து முன்கூட்டியே செய்யும். ஊகம் பிசகினால் செய்ததை ரத்து செய்துவிடும். ரத்து செய்த வேலையின் தடம் மட்டும் கேஷ் என்ற விரைவு நினைவகத்தில் மிஞ்சியது. எந்தத் தகவல் சட்டென்று வருகிறது, எது தாமதிக்கிறது என்று அளந்தே ரகசியத்தைப் படிக்க முடிந்தது. இந்தத் துறையின் மையம் இதுதான்: புரொசசர் சொல்லும் விடையை விட, அதைச் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கவனிக்க வேண்டும்.

2. அளவீட்டில் வரும் எதிர்பாராத பள்ளத்தை நாய்ஸ் என்று தள்ளிவிடாதீர்கள். இதற்குப் பாடம் நம் மலையிலேயே இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கவிருந்ததை அளக்கக் காவலூர் வானாய்வகத்தில் காத்திருந்தார்கள். கோள் வந்து மறைப்பதற்கு முன்பே வெளிச்சம் ஒரு முறை குறைந்து மீண்டது. ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அதை ஒதுக்கவில்லை. புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று எழுதினார்கள். அமெரிக்கர்கள் விமானத்திலிருந்து எடுத்த அளவுகளும் சேர்ந்தபோது, யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது உறுதியானது. வளையத்தை அன்று யாரும் கண்ணால் பார்க்கவில்லை. வெளிச்சம் குறைந்த நேரம்தான் அதைக் காட்டிக்கொடுத்தது. சிப்பில் நீங்கள் செய்யப்போவதும் இதே வேலை. சங்கேத ஆய்வாளர் பால் கோச்சர் 1996இல், சங்கேதக் கணக்கு முடிய ஆகும் நேரத்தை வைத்தே ரகசியச் சாவியைக் கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார். 1999இல் அவரும் கூட்டாளிகளும் மின்சாரச் செலவின் ஏற்ற இறக்கத்தை வைத்தும் அதைச் செய்தார்கள்.

3. உள்ளே திறந்து பார்க்க முடிகிற புரொசசரில் பழகுங்கள். கடையில் வாங்கும் சிப்பின் உள் வடிவம் உங்களுக்குக் கிடைக்காது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடியின் குழுவினர் 2014இல் தொடங்கிய சக்தி புரொசசரின் மூலநிரல் எல்லோருக்கும் கிடைக்கிறது. பெர்க்லியில் 2010இல் பிறந்த ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியை வைத்து, புளூஸ்பெக் மொழியில் அதை எழுதியிருக்கிறார்கள். கேஷ் அளவை மாற்றுங்கள், சிமுலேஷன் ஓட்டுங்கள், நேரம் எப்படி மாறுகிறது என்று குறித்துவையுங்கள்.

4. யாரிடமிருந்து காக்கிறோம் என்பதை முதலில் எழுதுங்கள். அதே கம்ப்யூட்டரில் ஓடும் இன்னொரு புரோகிராமா? போர்டையே கையில் வைத்து மின்சாரத்தை அளப்பவரா? இரண்டுக்கும் காவல் வேறு. "எல்லாவற்றிலிருந்தும் பாதுகாப்பு" என்று எழுதிய கட்டுரையை யாரும் நம்ப மாட்டார்கள்.

5. காவலுக்கு என்ன விலை என்று சொல்லுங்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 2010 முதல் வளர்த்துவரும் செரி முறையில், ஒவ்வொரு பாயின்டரும் தான் தொடக்கூடிய நினைவகத்தின் எல்லையையும் சேர்த்தே சுமக்கிறது. எல்லை தாண்டும் பிழைகள் சிப்பிலேயே சிக்கும்; ஆனால் பாயின்டர் இரு மடங்கு இடம் பிடிக்கும். வேகம், சிப்பின் பரப்பு, மின்சாரம் மூன்றிலும் எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்ற அட்டவணை இல்லாமல் கைடிடம் போகாதீர்கள்.

6. சரிபார்ப்பை மட்டமான வேலையாக நினைக்காதீர்கள். மென்பொருளை இரவோடு இரவாகத் திருத்தலாம். வடிவத்தை ஆலைக்கு அனுப்பும் டேப்-அவுட் முடிந்து, தயாராகி வந்த சிப்பை அப்படித் திருத்த முடியாது. சக்தி குழுவின் சிப்கள் 2018இல் இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையிலும், சண்டிகரை ஒட்டிய மொகாலியின் 180 நானோமீட்டர் ஆலையிலும் தயாராயின. 2025இல் இஸ்ரோவுடன் சேர்ந்து செய்த ஐரிஸ் சிப்பும் மொகாலியில்தான் தயாரானது. அதனால் ஆலைக்கு அனுப்பும் முன் எஃப்.பி.ஜி.ஏ. போர்டில் ஓட்டிப் பார்க்கும் மாதங்கள் வீண் போகாது.

7. ஓட்டையைக் கண்டால் முதலில் சிப்பைச் செய்தவரிடம் சொல்லுங்கள். ஸ்பெக்டரைக் கண்ட கூகுள் ஆய்வாளர் 2017 ஜூனிலேயே நிறுவனங்களுக்குத் தெரிவித்துவிட்டார். உலகம் அறிந்தது ஏழு மாதம் கழித்து. இடையில்தான் ஒட்டுப் போட நேரம் கிடைத்தது.

8. பணத்தைப் பற்றி வெட்கப்படாமல் கேளுங்கள். இளநிலை ஆராய்ச்சியாளருக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். பிராஜெக்ட் வேலை என்றால் ஒப்பந்தம் எத்தனை மாதம், பிஎச்.டி.க்குப் பதிவு செய்யலாமா, விடுதி உண்டா என்று சேரும் முன்பே கேளுங்கள். வீட்டில் பணம் எதிர்பார்த்து இருப்பார்கள். அதை மறைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்ய முடியாது.

9. ஆங்கிலத்துக்குப் பயந்து விண்ணப்பிக்காமல் இருக்காதீர்கள். விண்ணப்பம் போடுமுன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள்: கேஷில் இருக்கும் தகவலையும் இல்லாத தகவலையும் பல்லாயிரம் முறை படித்து, இரண்டுக்கும் ஆகும் நேரத்தை ஒரே வரைபடத்தில் போடுங்கள். சாதாரண லேப்டாப்பே போதும். அந்தப் படத்தை விண்ணப்பத்தோடு இணையுங்கள். இன்டர்வியூவில் கேள்வி அதிலிருந்து கிளம்பும். பதில் உங்கள் கையில் இருக்கும்.