அக்கிக்கும் தடுப்பூசிக்கும் என்ன கணக்கு?

கேள்வி: மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வீட்டு மாடியில் சிப்காட் வேலைக்குப் போகும் வெளிமாநிலப் பையன்கள் குடியிருக்கிறார்கள். நேற்றிலிருந்து ஒருவனுக்கு அம்மை போட்டிருக்கிறது. இரண்டு வயதுப் பேரனுக்கு உடனே தடுப்பூசி போடச் சொல்கிறார் டாக்டர். குழந்தைகளுக்கு ஊசி போட்டால் பெரியவர்களுக்கு அக்கி கூடும் என்கிறார்களே? எனக்கு வயது 61.

பதில்: அது வதந்தி இல்லை அம்மா, பழைய கணக்கு. சின்னம்மை ஆறினாலும் கிருமி போவதில்லை. நரம்பு முடிச்சுகளில் பதுங்கியிருந்து, உடம்பு தளரும்போது அக்கியாகக் கிளம்புகிறது. அம்மை வந்த குழந்தைகளோடு புழங்கும் பெரியவர்களுக்கு எதிர்ப்பு சக்தி புதுப்பிக்கப்படுகிறது என்று 1965இல் ஆங்கிலேய மருத்துவர் ஹோப்-சிம்ப்சன் ஊகித்தார். 2002இல் பிரிசன் என்ற ஆய்வாளரின் குழுவினர் இதைச் சமன்பாட்டில் வைத்தார்கள். ஒருமுறை புழங்கினால் சராசரியாக 20 ஆண்டு காப்பு என்று கொண்டால், எல்லாக் குழந்தைகளுக்கும் ஊசி போட்டபின் பல ஆண்டுகளுக்கு அக்கி பெருகும் என்று விடை வந்தது. குழந்தைகளுக்கு இந்த ஊசியைத் தொடங்க பிரிட்டன் தயங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த 20தான் வம்பு. அதைக் குறைத்துப் போட்டால் விடையும் சுருங்கிவிடும். 1995 முதல் ஊசி போடும் அமெரிக்காவில் அக்கி கூடியது உண்மை. ஆனால் ஊசிக்கு முன்பே கூடத் தொடங்கியிருந்தது. பிறகு வேகம் எடுக்கவில்லை. பிரிட்டனும் 2026 ஜனவரியில் தொடங்கிவிட்டது.

நமக்குக் கவலை வேறு. இங்கே இந்த ஊசி அரசு அட்டவணையில் இல்லை, காசுள்ளவர்கள் போட்டுக்கொள்கிறார்கள். பாதிக் குழந்தைகளுக்கு மட்டும் போட்டால் கிருமி மெதுவாகச் சுற்றும். ஊசி போடாத பிள்ளை சிறுவயதில் தப்பி, வாலிபத்தில் மாட்டும். அந்த வயதில் நிமோனியா வரை போகலாம். 80 சதவீதத்துக்குக் குறையாமல் போட முடிந்தால்தான் திட்டம் தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான். வெப்ப நாடுகளில் ஏற்கனவே பெரியவர்களுக்குச் சின்னம்மை அதிகம் வருகிறது. உங்கள் மாடியே சாட்சி.

இதெல்லாம் அரசு போட வேண்டிய கணக்கு. பேரனுக்கு அம்மை வந்து பாட்டிக்கு அக்கி தடைபடட்டும் என்று எந்தப் பாட்டியும் நினைக்கமாட்டார். தொற்று பட்ட 3 நாளுக்குள், மிஞ்சினால் 5 நாளுக்குள் போட்டால் ஊசிக்குப் பலன் உண்டு, நாளைக்கே போடுங்கள்.

உங்களுக்கு, 50 வயது தாண்டியவர்களுக்கான அக்கித் தடுப்பூசி இரண்டு தவணையாகத் தனியாரிடம் கிடைக்கிறது. விலைதான் அதிகம். ஒருவேளை அக்கி வந்தால், 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்க வேண்டும், கண்ணருகே என்றால் அன்றைக்கே. குயவரிடம் காவி எழுதிக்கொள்வதானால் டாக்டரைப் பார்த்துவிட்டுப் போங்கள்.