பாரிஸில் தமிழ்த் தெரு

கேள்வி: நண்பர்களோடு முதன்முறையாகப் பாரிஸ் போகிறோம். பிரெஞ்சு தெரியாது. சமாளிக்க முடியுமா?
– வாசகர், ராயபுரம்

பதில்: தாராளமாக. கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து லா ஷப்பல் பகுதிக்கு நடந்தே போகலாம். தமிழ்ப் பெயர்ப்பலகை, முருங்கைக்காய், கொத்துரொட்டி எல்லாம் அங்கே உண்டு. இலங்கையில் நடந்த 1983 கலவரத்துக்குப் பின் அடைக்கலம் தேடி வந்த ஈழத்தமிழர்கள் உழைத்து உருவாக்கிய கடைவீதி அது. ஈபிள் கோபுரத்துக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியையாவது இதற்கும் ஒதுக்கவேண்டும். 1985-ல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயமும் பக்கத்தில்தான். ஆகஸ்ட் கடைசிவாக்கில் போகிறவர்களுக்குத் தேர்த் திருவிழா பார்க்கவும் வாய்க்கலாம்.



தமிழ்க் கடைகளைத் தவிர மற்ற கடைகளில் நுழைந்ததும் முதலில் 'போன்ஜூர்' சொல்லவேண்டும். சொல்லாமல் விலை கேட்டால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள். மெட்ரோ நெரிசலில் பாஸ்போர்ட், பர்ஸ் பத்திரம்.