ரெக்கார்டிங் சொல்லித் தருகிறீர்களா?

காரைக்கால் மாங்கனித் திருவிழாவின் நாகஸ்வரம், தவிலைப் பதிவு செய்ய ஆசைப்படும் பிள்ளைகளுக்கு முதல் நாளே எல்லா மெனுவையும் திறந்து காட்டாதீர்கள். 2000-இல் வெளிவந்த, இலவசமான ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் போதும். ‘ஆர்’ பட்டனில் பதிவு, ஸ்பேஸ் பாரில் நிறுத்தம், தப்பானால் கன்ட்ரோல்-இசட். முதல் வாரம் இவ்வளவுதான்.

மவுஸ் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். நாம் பிடுங்கிச் செய்து காட்டினால் தலையாட்டுவார்கள். வீட்டுக்குப் போனதும் மறந்துவிடும் (நானும் அப்படித்தான் மறந்தேன்).

தவில் ஓங்கும்போதும் ஒலியளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்க்கச் சொல்லுங்கள். பிசிறடித்த ஒலியைப் பிறகு சரிசெய்வது பெரும்பாடு. கடற்காற்றுக்கு மைக்கில் ஸ்பாஞ்சு உறை மாட்டுங்கள்.

அதிகம் தடுமாறுவது கடைசியில்தான்: ‘சேவ்’ செய்தால் ஆடாசிட்டியில் மட்டும் திறக்கும், வாட்ஸ்அப்பில் அனுப்ப ‘எக்ஸ்போர்ட்’ செய்து எம்பி3 ஆக்க வேண்டும்.