முக்காலியை நட்டுவிட்டால் அளவை முடிந்ததா?

நம்பிக்கை: லேசர் ஸ்கேனர் நொடிக்குப் பத்து லட்சம் புள்ளி எடுக்கும். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

மேல்பட்டாம்பாக்கத்து டீக்கடையில் இப்படிச் சொல்பவர்களைக் குறை சொல்ல முடியாது. பக்கத்தில் நெய்வேலிச் சுரங்கம் இருக்கும் ஊரில் எந்திரங்களின் மேல் ஒரு மரியாதை உண்டு. ஆனால் கருவி சுழல்வது சில நிமிடம்தான். நாளைத் தின்பது மற்ற வேலைகள். திறந்தவெளிச் சுரங்கம் படிக்கட்டு போல இறங்கும். மேலே நின்றால் சரிவின் அடிவாரம் தெரியாது, கீழே நின்றால் மேல்படியின் தளம் தெரியாது. ஆகவே முதலில் வெறுங்கையோடு ஒரு நடை போய், எங்கெங்கே நிற்பது என்று குறித்துக்கொண்டு வருபவருக்குத்தான் நேரம் மிச்சம்.

நம்பிக்கை: புள்ளி நெருக்கமாக இருந்தால் அளவு துல்லியமாக இருக்கும்.

இல்லை. நெருக்கம் வேறு, துல்லியம் வேறு. இடைவெளியைப் பாதியாக்கினால் புள்ளிகள் நான்கு மடங்காகும், பெரும்பாலும் நேரமும் அப்படியே கூடும். 10 மீட்டரில் 6 மில்லிமீட்டராக இருக்கும் இடைவெளி 100 மீட்டரில் 6 சென்டிமீட்டர். மண் சரிவுக்கு அது தாராளம்.

நம்பிக்கை: ஸ்கேன்களை மென்பொருளே ஒட்டிக்கொள்ளும், கன்ட்ரோல் பாயின்ட் (இடமும் உயரமும் தெரிந்த புள்ளி) எதற்கு?

பணம் போகும் இடம் இதுதான். கட்டடத்தில் மூலை, ஜன்னல், தூண் இருப்பதால் மென்பொருளுக்குப் பிடி கிடைக்கும். வழவழப்பான மண் சரிவில் ஒரு ஸ்கேன் இன்னொன்றின் மேல் வழுக்கும். திரையில் பார்த்தால் ஒட்டியது போலவே இருக்கும். ஒரு சதுர கிலோமீட்டரில் உயரம் 5 சென்டிமீட்டர் பிசகினால் கணக்கில் 50,000 கன மீட்டர் மண் கூடும் அல்லது குறையும். நெய்வேலியில் ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்கு ஐந்து கன மீட்டருக்கும் மேல் மேல்மண் அள்ள வேண்டியிருக்கிறது. அங்கே இந்தப் பிசகு என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த இரண்டு ஸ்கேன்களுக்கும் பொதுவாக மூன்று டார்கெட்டாவது (குறிப்பலகை) வேண்டும், அவை ஒரே நேர்கோட்டில் இருக்கக் கூடாது. அவற்றைக் கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷனால் அளந்து, கடல்மட்ட உயரம் தெரிந்த ஒரு கல்லோடு கட்டிவிட வேண்டும். செயற்கைக்கோள் காட்டும் உயரத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் நம் பக்கத்தில் கடல்மட்டக் கணக்கிலிருந்து ஏறக்குறைய 90 மீட்டர் விலகிப்போகும்!

நில அளவையாளர் லாம்டன் 1802இல் பரங்கிமலை அருகே செய்ததும் இதுதானே. முதலில் ஒரே ஒரு அடிக்கோட்டை வாரக்கணக்கில் சங்கிலியால் அளந்தார். முக்கோணங்களெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நம்பிக்கை: லேசருக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

தேங்கிய தண்ணீரும் நனைந்த கரும்பரப்பும் ஒளியை விழுங்கிவிடும். மழை விட்ட மறுநாள் காலை வேண்டாம்.

நம்பிக்கை: ஸ்கேன் எடுத்தால் வரப்புத் தகராறு தீரும்.

இதைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வரும். லேசர் பார்ப்பது இன்று இருக்கும் வரப்பையும் வேலியையும். எல்லையோ 1923ஆம் ஆண்டின் சர்வே, எல்லைகள் சட்டத்தின்கீழ் நட்ட கல்லிலும் எஃப்.எம்.பி. (புல அளவைப் புத்தகம்) வரைபடத்தின் அளவுகளிலும் இருக்கிறது. வரப்பை நகர்த்தியவனுக்கு ஸ்கேனர் சாட்சி சொல்லிவிடும், அதுவும் மில்லிமீட்டர் சுத்தமாக. கரும்புச் சோகைக்கு அடியில் புதைந்த கல்லைத் தேடி, மண்ணைத் தள்ளி, அதன் தலையில் டார்கெட்டை நிறுத்துங்கள். ஸ்கேனர் பெட்டியைத் திறப்பது அதற்கப்புறம்.